வீட்டு வியாபாரத்துக்கு ஒரு தனி எண்

வடாமும் பொடி வகைகளும் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கும் ஒரு குடும்பத்தார், அந்தப் பொட்டலத்தின் மேல் சட்டப்படி எவற்றையெல்லாம் அச்சிட வேண்டும் என்று விசாரித்தால், நிகர எடை, தயாரித்த காலம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றோடு, குறை ஏதேனும் இருந்தால் வாங்கியவர் முறையிடுவதற்கான பெயர், விலாசம், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவையும் இருந்தாக வேண்டும் என்று தெரியவரும். மற்றவற்றை எழுதுவதில் யாருக்கும் அவ்வளவு சங்கடம் இல்லை. தொலைபேசி எண் என்ற இடத்துக்கு வரும்போதுதான் பேனா சற்று நிற்கிறது. ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அங்கே எழுதுவதற்கு இருப்பது அந்த வீட்டு அம்மாளின் சொந்தக் கைப்பேசி எண் ஒன்றுதான். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் ஆதாருக்கும் பிறந்த வீட்டுக்கும் கொடுத்திருக்கிற அதே எண்ணை, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் கைக்குப் போகப்போகிற பொட்டலத்தின் மேலும் அச்சிடுவதா என்று அவர் தயங்குவது மிகவும் நியாயமான தயக்கம். இணையத்தின் வழியே பேசும் மலிவான தொலைபேசி இன்று வீட்டு வியாபாரிக்கு வாஸ்தவமாக எதற்குப் பிரயோஜனப்படும் என்ற கேள்விக்கு விடை இந்தத் தயக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது.

வழக்கமாக அந்தத் தொலைபேசியைப் புகழ்கிறவர்கள் மலிவு என்ற ஒரே குணத்தைத்தான் எடுத்துச் சொல்லுவார்கள். அது ஒரு காலத்தில் முற்றிலும் உண்மையாக இருந்தது. 1995-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசி நம் நாட்டின் கைப்பேசிச் சேவையைத் தொடங்கிவைத்தபோது, நிமிஷத்துக்கு 16 ரூபாய் அளவுக்குக் கட்டணம் இருந்தது. பேசுகிறவர் கொடுப்பது போதாதென்று அழைப்பை ஏற்கிறவரும் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டாவது கொடுமை 2003-ல்தான் நீங்கிற்று. சாமானிய ஜனங்களோ மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. பூத்துகளில், கட்டணம் குறைகிற இரவு வேளைக்காகக் காத்து நின்று, கண்ணாடிக் கூண்டுக்குள்ளே சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டு போகும் ரூபாய்க் கணக்கின் மேல் ஒரு கண்ணை வைத்தபடி, சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமலே பேச்சை முடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மலிவாகப் பேச ஒரு வழி உண்டு என்று யாராவது சொன்னால் அது வரப்பிரசாதமாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் 2016 செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ தன் சேவையைத் தொடங்கி, உள்நாட்டுப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்து, மற்ற ஸ்தாபனங்களும் நாளடைவில் அந்த வழிக்கே வந்து சேர்ந்தபிறகு, சென்னையிலிருந்து ஸ்ரீநகருக்குப் பேசினாலும் சரி, அடுத்த தெருவுக்குப் பேசினாலும் சரி, ரீசார்ஜ் செய்த தொகைக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜியோவின் 4ஜி வலையமைப்பில் பேச்சுக்கென்று பழைய மாதிரியான தனிப் பாதையே கிடையாது. வோல்ட்டி என்று கைப்பேசித் திரையின் மூலையில் தெரிகிறதே, அந்த முறையில் நம் குரல் இணையத் தரவுகளாகவே போய்வருகிறது. ஆகவே இணையவழித் தொலைபேசி நமக்குப் பழக்கமில்லாத புதுச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் அதைப் பல வருஷங்களாக உபயோகித்துக்கொண்டே அப்படி நினைக்கிறார்கள்.

இந்தச் சம்பாஷணை எவ்வாறு நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்கலாம். பின்னால் வரும் குறைகளுக்கெல்லாம் காரணம் இங்கேதான் இருக்கிறது. பழைய தொலைபேசியில் நீங்கள் பேசி முடிக்கும் வரையில், இரு முனைகளுக்கும் இடையே ஒரு பாதை முழுவதும் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் மௌனமாக இருக்கும் க்ஷணங்களிலும் அந்தப் பாதை உங்களுடையதுதான், அதற்கான கட்டணமும் உங்களுடையதுதான். இணையத்தில் அப்படி யாருக்கும் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. உங்கள் குரல் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் எட்டு பிட்டுகளாக எழுதப்பட்டு, விநாடிக்கு 64,000 பிட்டுகளாக ஆகிறது. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி விநாடி நேரத்துக்கான குரலை ஒரு துண்டாக எடுத்து, அதன் தலையில் போய்ச் சேர வேண்டிய முகவரியையும் வரிசை எண்ணையும் ஒட்டி அனுப்புகிறார்கள். 160 பைட்டு குரலுக்கு 40 பைட்டு முகவரி. இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் பேசினால் இரு திசையும் சேர்ந்து 72 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் முறைகளில் இதிலும் சிறு பங்கே போதும். பையன் பார்க்கிற ஒரு சினிமாவுக்கு ஆகும் தரவில் அம்மாள் மாதக் கணக்கில் வியாபாரம் பேசிவிடலாம்.

இந்தத் துண்டுகள் வழியில் வெவ்வேறு பாதைகளில் பிரிந்து போகக்கூடும். சில தாமதமாக வரும். சில வராமலே போகும். கடிதத்திலோ கணக்குப் புத்தகத்திலோ ஓர் எழுத்து காணாமற்போனால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கியே தீரவேண்டும். ஆனால் பேச்சில், காணாமற்போன ஒரு துண்டைத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தால், அது வந்து சேரும்போது பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். தாமதமாக வரும் குரலைவிட வராத குரலே மேல் என்ற இந்த விசித்திரமான நியாயத்தை, 1974 வாக்கில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் ஆரம்பகால வலையமைப்பில் குரலை அனுப்பிப் பரிசோதித்த டானி கோஹென் என்ற விஞ்ஞானி விடாப்பிடியாக எடுத்துச் சொன்னார். அவரைப் போன்றவர்கள் வாதாடியதன் பயனாக, எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும் பொறுப்பு 1978-ல் இணையத்தின் அடிப்படை விதியிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது. சரிபார்க்காமல் விரைந்து அனுப்புவதற்கென்றே யு.டி.பி. என்ற சுருக்கமான விதி 1980-ல் வகுக்கப்பட்டது. இன்று வடாமுக்கு ஆர்டர் கொடுப்பவரின் குரலும் பெரும்பாலும் அந்த விதியின்படிதான் பயணம் செய்கிறது. குரல் ஒருபுறமிருந்து மறுபுறம் சேர 150 மில்லி விநாடிக்குள் ஆனால் மனிதர்கள் தாமதத்தை அநேகமாக உணர்வதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூறுகிறது. அதற்கு வெகுவாக மேலே போனால் இருவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பிப்பதும், ஒரே சமயத்தில் நிறுத்துவதும், "நீங்க சொல்லுங்க", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்று உபசாரம் செய்துகொள்வதுமாகக் காலம் போகும்.

நம் நாட்டில் இந்தச் சேவைக்குக் கதவு திறந்தது மெதுவாகத்தான். 1995 ஆகஸ்டு 15-ந் தேதி பொதுஜனங்களுக்கு இணையம் வந்துவிட்டதென்றாலும், அதன் வழியே தொலைபேசி பேசுவது 2002 ஏப்ரல் முதல் தேதி வரையில் தடை செய்யப்பட்டிருந்தது. அதன்பிறகும் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாமேயன்றி, கணினியிலிருந்து உள்ளூர்த் தொலைபேசியைக் கூப்பிட அநுமதி இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2017-ல் செய்த சிபாரிசை ஏற்று, 2018 ஜூன் மாதத்தில்தான் அரசாங்கம் இதற்குத் தெளிவாக வழிவிட்டது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில், சிம் அட்டையே இல்லாமல் கைப்பேசிச் செயலி ஒன்றின் மூலம் இயங்கும் பத்து இலக்க எண்ணை வருஷத்துக்கு 1,099 ரூபாய் என்ற கட்டணத்தில் அறிமுகப்படுத்தியது.

இப்போது பொட்டலத்தின் மேல் எழுதவேண்டிய எண்ணுக்குத் திரும்புவோம். ஃபைபர் இணைப்பு உள்ள வீடு என்றால் அநேகமாக அந்த எண் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் முதலிய ஸ்தாபனங்கள் ஃபைபர் இணையத்தோடு ஒரு லேண்ட்லைன் எண்ணையும், உள்நாட்டுப் பேச்சையும் சேர்த்தே தருகின்றன. சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டியின் பின்பக்கத்தில் பழைய தொலைபேசி ஒயர் செருகுவதற்கான சிறு துளை ஒன்று இருக்கும். பரணில் கிடக்கும் பழைய லேண்ட்லைன் கருவியையே அதில் செருகிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் சில நூறு ரூபாயில் ஒன்று வாங்கலாம். அந்த எண்ணைச் செயலி மூலம் கைப்பேசியிலும் ஒலிக்கச் செய்யும் வசதியைச் சில ஸ்தாபனங்கள் கொடுக்கின்றன. ஏற்கெனவே மாதாமாதம் பணம் கட்டிவரும் ஒன்றைக் கொண்டே காரியத்தைத் தொடங்கலாம் என்பதால், வேறு எந்தச் சேவைக்கும் சந்தா கட்டுவதற்கு முன்னால் மோடத்தின் பின்பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

044 என்றும் 0422 என்றும் 0452 என்றும் ஊர்க் குறியீட்டோடு தொடங்கும் எண்ணுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. இந்த வியாபாரம் இன்ன ஊரில் நிலையாக இருக்கிறது என்ற நம்பிக்கையை அது வாங்குகிறவர் மனத்தில் உண்டாக்குகிறது. நம் பழைய வீடுகளில் வியாபார விஷயமாக வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, மோரும் கொடுத்து, பேசி அனுப்பிவிடுவார்கள்; கூடத்துக்குள் வருவது உறவினருக்கு உரியது. தனி எண் வியாபாரத்துக்கு அப்படிப்பட்ட ஒரு திண்ணை. இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கருவியின் ஒலியை நிறுத்திவைக்கலாம். கல்யாணத்துக்கு வெளியூர் போனால் மைத்துனரிடமோ மகளிடமோ பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகலாம். சொந்தக் கைப்பேசிக்கு இதைச் செய்ய முடியாது. பெண்கள் நடத்துகிற வீட்டு வியாபாரத்தில் இது வெறும் சௌகரியத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. புடவைப் படத்தை இணையத்தில் போட்டு, அதன் கீழே சொந்த எண்ணைக் கொடுத்தவர்களுக்கு, நடு இரவில் வரும் அழைப்புகளும், புடவைக்குச் சம்பந்தமில்லாத விசாரிப்புகளும் எவ்வளவு தொல்லை என்பதை அவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வியாபாரத்தையே விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பலருக்குத் தெரியாத ஒரு யுக்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸப் பிஸினஸ் என்ற செயலியை லேண்ட்லைன் எண்ணிலும் பதிவு செய்யலாம். பதிவின்போது குறுஞ்செய்தி மூலம் சரிபார்ப்பதற்குப் பதிலாக அழைப்பு மூலம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த லேண்ட்லைனுக்கு ஓர் அழைப்பு வந்து, குறியீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லும். அதன்பிறகு சொந்த எண்ணின் சாதாரண வாட்ஸப்பும், வியாபார எண்ணின் வாட்ஸப்பும் ஒரே கைப்பேசியில் தனித்தனியே இயங்கும். பொருள்களின் படமும் விலையும் அடங்கிய பட்டியலை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். கடை நேரத்தைக் குறிப்பிட்டு, அதற்கு வெளியே செய்தி அனுப்புகிறவருக்கு நாளைக் காலையில் பதில் வரும் என்று தானாகவே சொல்லும்படி செய்யலாம். அயல்நாட்டுத் தமிழர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் உபகாரமானது. சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னாலும், டொரன்டோக் கடிகாரம் காலத்துக்குத் தக்கபடி ஒன்பதரை அல்லது பத்தரை மணி பின்னாலும் ஓடுவதால், டொரன்டோவில் ஒருவருக்கு மாலைக் காப்பி நேரத்தில் பருப்புப் பொடி ஞாபகம் வரும்போது இங்கே வீடே உறங்கிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டு அழைப்பில்தான் மலிவு என்ற பழைய குணம் இன்னமும் ஜீவனோடு இருக்கிறது. சாதாரணக் கைப்பேசியிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசினால் இன்றும் நிமிஷக் கணக்கில் கட்டணம் ஏறும். வாட்ஸப் போன்றவற்றில் பேசினால் இணையச் செலவோடு போயிற்று. ஆனால் துபாய், அபுதாபி முதலிய ஊர்களில் இருப்பவர்களோடு வாட்ஸப்பில் குரல் அழைப்பு கிடைப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரக அரசாங்கம் தன் அநுமதி பெற்ற சில செயலிகளில் மட்டுமே பேச இடம் கொடுக்கிறது. எழுத்துச் செய்தியும், பதிவு செய்து அனுப்பும் குரல் செய்தியும் அங்கே தாராளமாகப் போகின்றன என்பதால், வளைகுடா வாடிக்கைக்காரர்களோடு அவ்வாறே காரியத்தை நடத்திக்கொள்ளலாம்.

தனி எண்ணுக்கும் மேலே ஒரு படி உண்டு. அழைக்கிறவரை வரவேற்று, "ஆர்டர் கொடுக்க ஒன்றை அழுத்துங்கள்" என்று சொல்லி, பல பேருடைய கைப்பேசிகளுக்குப் பிரித்து அனுப்பும் மேகத் தொலைபேசிச் சேவைகளை நம் நாட்டு ஸ்தாபனங்கள் பல விற்கின்றன. இரண்டு பேர் நடத்தும் வீட்டு வியாபாரத்துக்கு அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டில் செய்த ஊறுகாய் என்று நம்பிக் கூப்பிடுகிறவர், யந்திரத்தின் குரலைக் கேட்டவுடன் பாதி நம்பிக்கையை இழந்துவிடுவார். இந்தியர்களுக்கு வேண்டியது இதைவிட எளிமையானது என்பதை மிஸ்டு கால் என்ற சுதேசி வழக்கமே காட்டுகிறது. காசு செலவில்லாமல் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடும் இந்தப் பழக்கத்தை ஆதாரமாகக் கொண்டு பெங்களூரில் நடந்த ஸிப்டயல் என்ற ஸ்தாபனத்தை 2015-ல் ட்விட்டரே விலைக்கு வாங்கிக்கொண்டது.

இனிப் பிரதிகூலங்கள். முதலாவது மின்சாரம். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சே கம்பியின் வழியாக அனுப்பிற்று. ஊர் முழுவதும் இருண்டாலும் தொலைபேசி பேசியது அதனால்தான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி செல்லுமே தவிர மின்சாரம் செல்லாது. ஆகவே வீட்டில் மின்சாரம் போன மறு க்ஷணமே மோடம் அணைந்து, அதோடு தொலைபேசியும் ஊமையாகிவிடும். இன்வெர்ட்டர் உள்ளவர்கள் மோடத்தின் பிளக்கை அந்த இணைப்பில் செருக வேண்டும். இல்லாதவர்கள் மோடத்துக்கென்றே விற்கும் மினி யூ.பி.எஸ். ஒன்றை வாங்கிவைத்தால் சில மணி நேரம் தாங்கும். கைப்பேசியும் எல்லாச் சமயத்திலும் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசிச் சிக்னலும் சேர்ந்தே மறைந்தன. அவசரத்துக்கு 112-ஐக் கூப்பிடுவதை ஒருபோதும் செயலித் தொலைபேசியை நம்பி வைத்துக்கொள்ளக் கூடாது. இணையவழிப் பேச்சில் அழைக்கிறவர் எங்கே இருக்கிறார் என்பது தானாகத் தெரியாது என்ற இந்தத் தொல்லை அமெரிக்காவிலும் எழுந்து, இத்தகைய சேவைகள் அவசர எண்ணான 911-க்கு அழைப்பையும் விலாசத்தையும் சேர்த்தே தீரவேண்டும் என்று 2005-ல் அங்கே உத்தரவு போட வேண்டியதாயிற்று. சிம் உள்ள ஒரு கைப்பேசி வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் ஃபைபர் காரணமல்ல, வீட்டுக்குள்ளிருக்கும் வைஃபைதான். மோடம் கூடத்தில் இருக்க, இரண்டு சுவருக்கு அப்பால் சமையலறையில் நின்று மிக்ஸி ஓடும் சப்தத்துக்கிடையே ஆர்டர் எழுதிக்கொள்ள முயன்றால் ஒன்றுக்கு இரண்டாகத்தான் எழுத நேரும். மோடத்தோடு ஒயரால் இணைந்த கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. கைப்பேசிச் சிக்னல் எட்டாத உள்ளறைகளுக்கு வேறோர் உபாயம் இருக்கிறது: சாதாரண எண்ணிலேயே வைஃபை வழியாகப் பேசும் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தன, கைப்பேசியின் அமைப்புகளில் 'வைஃபை காலிங்' என்பதைத் திருப்பிவிட்டால் போதும், தனிக் கட்டணம் இல்லை.

பேச்சுக்குச் செலவில்லை என்பதால் பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டுத் தீபாவளித் தள்ளுபடியைச் சொல்லலாமே என்று சிலருக்கு ஆசை உண்டாகும். விளம்பர அழைப்புகளைப் பதிவு பெற்று, 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும் என்பது டிராயின் விதி. வேண்டாத அழைப்பு என்று 1909-க்குப் புகார்கள் போனால் இணைப்பே துண்டிக்கப்படலாம். தாமாகக் கேட்பவருக்குப் பதில் சொல்லுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பகிரங்கமான எண்ணுக்கு மோசக்காரர்களும் வருவார்கள். ஐம்பது கிலோ பலகாரம் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். ஸ்கேன் செய்து பின் எண் போடுவது பணம் கொடுப்பதற்கே தவிர, பெறுவதற்கு அது வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் முதல் நாளே போட்டு வைப்பது அவசியம். அந்தக் கணக்கு பிறர் கைக்குப் போனால் வாடிக்கைக்காரர் அனைவரும் அவர் கைக்குப் போனதாக அர்த்தம்.

கடைசியாக, எந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுவது என்பதை முடிவு செய்யும்போது அதன் ஆயுளையும் யோசிக்க வேண்டும். 2003-ல் தோன்றி, ஒரு தலைமுறைக்கு இணையப் பேச்சைக் கற்றுக்கொடுத்து, 850 கோடி டாலருக்கு மைக்ரோஸாப்ட் விலைக்கு வாங்கிய ஸ்கைப்பே 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. 2011 முதல் கைப்பேசி எண்ணை வேறு ஸ்தாபனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை நாடு முழுவதும் இருக்கிறது; செயலி தருகிற எண்ணுக்கும், ஃபைபரோடு வருகிற எண்ணுக்கும் அந்த உறுதி இல்லை என்று வைத்துக்கொண்டே நடப்பது உத்தமம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், இரண்டு வருஷத்துக்கொரு முறை இணைய இணைப்பை மாற்றுகிறவர்கள் ஆகியோர் லேண்ட்லைனை நம்பாமல், வியாபாரத்துக்கென்று இரண்டாவது சிம் ஒன்றை வாங்கி அந்த எண்ணை அச்சிட்டுவிட்டு, வாட்ஸப் பிஸினஸையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம். சொந்த வீடும் நிலையான ஃபைபரும் உள்ளவர்கள் ஊர்க் குறியீட்டோடு கூடிய எண்ணையே போடலாம். எப்படியாயினும் லேபிளை ஒரே தடவையில் பதினாயிரமாக அச்சிட வேண்டாம், ஆயிரம் போதும்.